புதுப்பிப்பு: கோடு விழுந்த ஒரு ரூபாயும் விளிம்பு போன அஞ்சு ரூபாயும்

மாட்டுத்தாவணியில சில்லறையா வந்த ரெண்டு காசு, நாணயச்சாலையிலயே நடந்த அச்சுப் பிழையா, பின்னால பட்ட சேதமான்னு கேட்டிருந்தேன்ல, தெளிஞ்சிருச்சு.

ஒரு ரூபாய் நிஜப் பிழை. லென்ஸ்ல பார்த்தா கோடு மேடா நிக்குது. காசு அடிக்கிற அச்சுல விரிசல் விட்டா உலோகம் அதுக்குள்ள ஏறிரும், அதான் மேடு. கீறல்னா பள்ளமா இருக்கும், ஓரத்துல பிசிறு தட்டும்.

விளிம்புல வெட்டு விழுந்த அஞ்சு ரூபாய்தான் இழுத்தடிச்சது. பழைய கனமான செப்பு-நிக்கல் காசு, 9 கிராம் இருக்கணும். தெற்காவணி மூல வீதி நகைக்கடை அண்ணன் தராசுல 8.6. ஆனா எடைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அரத்துல ராவினாலும் குறையத்தானே செய்யும்! பார்க்க வேண்டியது வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பு. காசா அடிக்கிறதுக்கு முந்தி வெறும் வில்லையா இருக்கும்போதே வெட்டு இருந்திருந்தா, விளிம்பு எழுப்பும்போது அந்த எதிர்ப் பக்கம் அழுத்தம் கிடைக்காம பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். இதுல கூர்மையா இருக்கு. வெட்டு முகத்துல அரக்கோடு வேற. யாரோ வேலை மெனக்கெட்டு ராவியிருக்காக.

விலை கேட்ட தம்பிக்கு: இம்புட்டுக்காண்டு விரிசலுக்கு லட்சமெல்லாம் கிடையாது. வாங்கிக்கிறோம், முதல்ல கட்டணம் கட்டுங்கன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, 2021லயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சிருக்கு. புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன அக்கா, அதை மட்டும் செய்ய மாட்டேன். தேய்ச்ச காசைச் சேகரிப்பாளர்க தொட மாட்டாக.