இரு சக்கர ஆம்புலன்ஸ் வண்டி லாரேக்குப் பயன்பட்டது, அமெரிக்காவில் பயன்படவில்லை: ஏன்?

கேள்வி:
பிரெஞ்சுப் படை மருத்துவர் டொமினிக் லாரே, 1792இல் ரைன் படையில் இருந்தபோது எண்ணித் தொடங்கிய ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ அமைப்பில், பின்னர் ஒரு பிரிவுக்கு 12 வண்டிகள் இருந்தன என்றும் அவற்றுள் 8 இரு சக்கர வண்டிகள் என்றும் படித்தேன். ஆனால் 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடமாநிலப் படையினர் கொண்டுவந்த இரு சக்கர வண்டிகள் விரைவிலேயே வெறுக்கப்பட்டு ஒதுக்கப்பட்டன. இதற்குக் காரணம் வண்டியின் அமைப்பா, வேறேதுமா?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே வண்டி அல்ல. லாரேயின் வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. அதன் பெட்டி வில்களின் மேல் தாங்கப்பட்டிருந்தது. தரைப்பலகை சிறு உருளைகளின் மேல் நகர்ந்து வெளியே வந்ததால், மெத்தையில் கிடத்தப்பட்டவரை அதிகம் அசைக்காமல் ஏற்றி இறக்க முடிந்தது. அமெரிக்காவில் வெறுக்கப்பட்ட ‘ஃபின்லி’ என்ற இரு சக்கர வண்டியையோ ஒற்றைக் குதிரை இழுத்தது. குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அதன் இருபுறமும் நீளும் மரங்களின் வழியே பெட்டிக்குள் வந்து, வண்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பவர் அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்வார். தொடையெலும்பு நொறுங்கிப் படுத்திருப்பவருக்கு அது சித்திரவதை. நான்கு சக்கர வண்டியில் எடை முழுவதையும் சக்கரங்களே ஏற்பதால் இந்த ஆட்டம் பெரிதும் குறைகிறது.

மறுமொழி 2:
மேற்சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் வண்டி யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1862 ஆகஸ்டு இறுதியில் நடந்த இரண்டாம் புல் ரன் போரில் வண்டிகளை ஓட்டியவர்களுள் பலர் கூலிக்கு அமர்த்தப்பட்ட குடிமக்கள். அவர்கள் ஓடிவிட, காயம்பட்டோர் நாள்கணக்கில் களத்திலேயே கிடந்தனர். இந்தக் குறையைத் தீர்க்கும் ஆணை அதே மாதம் 2ஆம் தேதியே வெளியாகியிருந்தது. ஆனால் அது வடமாநிலங்களின் படைகளுள் ஒன்றான போட்டோமாக் படைக்கு மட்டுமே உரியது. அப்படையின் மருத்துவத் தலைவர் ஜோனதன் லெட்டர்மன் வகுத்த அந்த ஆணை, வண்டிகளை மருத்துவத் துறையின் பொறுப்பில் வைத்து, அவற்றில் வேறு சுமை ஏற்றுவதைத் தடுத்து, பயிற்சி பெற்ற வீரர்களையே அவற்றில் அமர்த்தியது. செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர் மூண்டபோது அந்த ஆணை முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அப்படியும் காயம்பட்டோரில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் களத்திலிருந்து அகற்றப்பட்டனர். இந்த முறையை நாடாளுமன்றம் 1864 மார்ச்சில் சட்டமாக்கியது.

மறுமொழி 3:
வண்டி ஓடாத எகிப்து மணலில் லாரே ஒட்டகத்தின் இருபுறமும் படுக்கைக் கூடைகளைத் தொங்கவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குலுக்கலைத் தடுக்க எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அமெரிக்க மருத்துவ ரயில் பெட்டிகளில் இருந்தது: களத்திலிருந்து வந்த தூக்குக்கட்டிலின் கைப்பிடிகளை அப்படியே ரப்பர் வளையங்களில் மாட்டினார்கள். நோயாளியை மற்றொரு படுக்கைக்கு மாற்றும் வேதனையும் அதனால் இல்லாமல் போயிற்று.