ஹுதியாவ்ஷியா மலையிடுக்கு: நடையா, சைக்கிளா? ஜூனில் போகலாமா?

சுவா சூ காங் வாசி:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் நானும் மச்சானும் சீனாவின் யுன்னான் பக்கம் போவதாகப் பேச்சு. லிஜியாங்கிலிருந்து போகும் ஹுதியாவ்ஷியா, அதாவது புலி தாண்டிய மலையிடுக்கு, எனக்கு வெகுநாள் ஆசை. எனக்கு நடை பிடிக்கும். மச்சானுக்கு சைக்கிள்தான் உயிர். மடக்கு சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுத்து வருகிறேன், நீ நட, நான் ஓட்டுகிறேன் என்கிறார். ஒரே பாதையில் இரண்டும் முடியுமா? அப்புறம் இங்கே சிங்கப்பூரில் நமக்கு ஆக உயரமான இடமே புக்கித் தீமா உச்சிதான், 163 மீட்டர். இதை வைத்துக்கொண்டு எப்படிப் பழகுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஹில்வியூ அக்கா:

தம்பி, முதலில் ஜூனை விடுங்கள். யுன்னானில் மழை பிடிப்பதே அந்த மாதம்தான். ஜூலை, ஆகஸ்டில் கொட்டும். அங்கே மழை என்றால் நனைவதோடு போகாது. ஒரு பக்கம் 5,596 மீட்டர் யூலோங் பனிமலை, எதிர்ப்பக்கம் 5,396 மீட்டர் ஹாபா மலை. நடுவில் ஜின்ஷா ஆறு ஓடுகிறது, யாங்சியின் மேல்பகுதி அது. சரிவு அவ்வளவு செங்குத்து. மண்ணில் ஈரம் இறங்கினால் கல் பெயர்ந்து கீழே சாலையில் வந்து விழும். பாதையையே மூடிவிடுவதும் உண்டு. ஆண்டிறுதி விடுமுறை வரை பொறுங்கள். நவம்பர் கடைசியில் வானம் துடைத்து வைத்த கண்ணாடிபோல இருக்கும். இரவில் குளிர் கடிக்கும், அதற்குக் கம்பளி இருக்கிறது. கல்லுக்கு மருந்து கிடையாது.

ஒரே பாதையில் இரண்டும் முடியாது. ஆனால் ஒரே பயணத்தில் முடியும். அங்கே மேல்பாதை, கீழ்ச்சாலை என்று இரண்டு. மேல்பாதை உங்களுக்கு. ச்சியாவ்தோவ் ஊர்ப்பக்கம் தொடங்கி நாஷி மக்களின் கிராமங்கள் வழியாக ஏறும், சுமார் 22 கிலோமீட்டர். இரண்டு நாள் வைத்துக்கொண்டால் நிம்மதி. முதல் நாள் மூச்சு வாங்க வைப்பது ‘28 வளைவு’ என்கிற ஏற்றம். வளைத்து வளைத்து 2,600 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அடியிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் 800 மீட்டர் ஏற்றம் வரும். கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் பின்னாலேயே வருவார். கழுத்து மணிச் சத்தம் விடாமல் கேட்கும். நான் ஏறவில்லை. கால் நடுங்கினால் ஏறிக்கொள்ளுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரவு பாதி வழியில் இருக்கும் விடுதியில் தங்குங்கள். மறுநாள் காலை நடைதான் எனக்கு உயிர். பாதை ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கும். வலப்பக்கம் ஆறு எங்கோ ஆழத்தில், சத்தம் மட்டும் மேலே வரும். ஓர் இடத்தில் அருவி பாதைமேலேயே விழுந்து குறுக்கே ஓடுகிறது. பாசி பிடித்த கல்லை விட்டு, தண்ணீர் அரித்துச் சொரசொரப்பாக இருக்கும் கல்லாகப் பார்த்துக் கால் வையுங்கள். பிடிமானத்துக்குப் பாறையில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். கடந்ததும் நின்று எதிரே பாருங்கள். அந்தப் பனிமலைச் சுவர் கண்ணுக்கு நேரே நிற்கும், தலையைத் தூக்கினாலும் முடிவு தெரியாது. அதற்காகவே போகலாம்.

மச்சான் கீழ்ச்சாலையில் ஓட்டட்டும். நல்ல சாலை, ஆற்றை ஒட்டியே போகும். ஆனால் மடக்கு சைக்கிள் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இங்கே எம்ஆர்டி ரயிலில் ஏற்ற அது வசதி, மலை இறக்கத்துக்கு அது ஆகாது. சின்னச் சக்கரம் குழியில் மாட்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். லிஜியாங்கில் மலைச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பார்த்து எடுக்கட்டும். காலையிலேயே கிளம்ப வேண்டும். வெயில் ஏற ஏற மலையிடுக்குகளில் காற்று ஆற்றுக்கு எதிராக மேல்நோக்கி வீசும், மதியத்துக்கு மேல் அது நேராக முகத்தில் அறையும். சுற்றுலாப் பேருந்துகளும் அப்போதுதான் அதிகம். மேல்பாதை கடைசியில் கீழ்ச்சாலையில்தான் இறங்குகிறது. அங்கே விடுதிகள் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்.

பழக்கத்துக்கு மலை தேடாதீர்கள், வீவக அடுக்குமாடி புளோக் போதும். ஒரு மாடி 2.8 மீட்டர் என்று வைத்தால் 25 மாடி 70 மீட்டர். 12 முறை ஏறினால் அந்த 800 வந்துவிடும். ஒரே நாளில் வேண்டாம், வாரம் வாரம் கூட்டுங்கள். முதுகில் பையோடு ஏறுங்கள். இறங்கும்போது மின்தூக்கியில் இறங்காதீர்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். பெரும்பாலானவர்கள் ஏறி மட்டும் பழகிவிட்டுப் போய் இரண்டாம் நாள் தவிக்கிறார்கள்.

பீஷான் நடைக்காரர்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் வேறு ஓர் இடம் சொல்கிறேன். டிசம்பரில் எப்படியும் சென்னைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவீர்கள் என்றால் கண்டிக்கோட்டா போய் வாருங்கள். ஆந்திராவில் கடப்பா மாவட்டம். பெண்ணாறு செம்பாறையை அறுத்துக்கொண்டு போன இடம், விளிம்பிலிருந்து ஏறக்குறைய 300 அடி ஆழம். சென்னை–மும்பை ரயில் தடத்தில் முத்தனூரில் இறங்கி ஜம்மலமடுகு வழியாகப் போகலாம். ஜம்மலமடுகிலிருந்து கோட்டைக்கு 15 கிலோமீட்டர் சொச்சம், மச்சான் சைக்கிளுக்கு ஏற்ற தூரம். வண்டி குறைவு. ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதியில் தங்கி, விடியும் முன் விளிம்புக்குப் போய்விடுங்கள். கோட்டைக்குள்ளே மாதவராயர் கோயில், மசூதி, பழைய தானியக் களஞ்சியம் எல்லாம் நடந்தே பார்க்கலாம்.

விளிம்பில் தடுப்பு கிடையாது. பிள்ளைகள் வந்தால் கையை விடாதீர்கள். ஆற்றுக்கு இறங்க ஒழுங்கான படியும் இல்லை, பாறைமேல் பாறை. அந்தப் பக்கத்து ஆளைக் கேட்காமல் இறங்க வேண்டாம். எங்கே போனாலும் ஒன்று கவனியுங்கள்: தலைக்கு மேல் மழை இல்லை என்பது போதாது. 1997 ஆகஸ்டில் அமெரிக்காவில் அரிசோனாவின் ஆன்டலோப் மலையிடுக்கில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது பல மைல் தள்ளி.

உட்லண்ட்ஸ் மிதி:

சைக்கிள்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை. இங்கே பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கிய ‘ரயில் தடம்’ சமதளம், அதில் எவ்வளவு ஓட்டினாலும் இறக்கம் பழகாது. செஸ்நட் பூங்காவில் மலைச் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறது. புலாவ் உபின் தீவில் கேத்தாம் கல்லுடைப்புக் குட்டையைச் சுற்றியும் ஓட்டலாம், மேடு பள்ளம் இரண்டும் கிடைக்கும். நடப்பவர்கள் கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பெருவிரல் காலணி முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

சுவா சூ காங் வாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மச்சானிடம் காட்டினேன், மடக்கு சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். யுன்னான் ஆண்டிறுதிக்குத் தள்ளியாகிவிட்டது. கண்டிக்கோட்டா அடுத்த முறை சென்னை போகும்போது. அக்கா, விசா வேண்டுமா? உயரத்தால் தலைவலி வரும் என்கிறார்களே?

ஹில்வியூ அக்கா:

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை தம்பி. லிஜியாங்கே 2,400 மீட்டரில் இருக்கிறது, அங்கே ஒன்றிரண்டு நாள் பழைய நகரத்தில் மெதுவாகச் சுற்றிவிட்டு அப்புறம் மேல்பாதைக்குப் போங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கிளம்பும் முந்தைய மாலை விடுதிக்காரரிடம் பாதை திறந்திருக்கிறதா, கீழ்ச்சாலையில் கல் விழுந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் அன்றன்றைய நிலவரம் தெரியும்.