கையைப் போட்டுத் தூங்கினேன், மணிக்கட்டு தொங்கிப்போச்சு: உங்க கை அனுபவத்தையும் சொல்லுங்க

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி பஸ். பக்கத்து சீட் காலி. அந்த சந்தோஷத்தில் வலது கையை அதன் சாய்வுக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். திருநெல்வேலி தாண்டி விழித்தபோது கை மரத்திருந்தது. இறங்கும்போது பையைத் தூக்கப் போனால் மணிக்கட்டு மடங்கித் தொங்குகிறது. உதறினேன், தேய்த்தேன். ம்ஹூம்.

வீட்டில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மா "ஐயோ, பக்கவாதம்!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அடிவயிறு கலங்கியது. நேராக ஆஸ்பத்திரி.

டாக்டர் சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் சரி. முழங்கையை நீட்டச் சொன்னார், நீண்டது. மணிக்கட்டு மட்டும் எழவில்லை, கட்டை விரலையும் மேலே தூக்க முடியவில்லை. அவருடைய விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது பிடியில் பலமே இல்லை. அப்புறம் என் மணிக்கட்டைத் தன் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு "இப்போ பிடிங்க" என்றார். நல்ல பிடி! விரலை மடக்கும் தசைகள் நன்றாகத்தான் இருந்தன. மணிக்கட்டு தொங்கியதால் அவற்றால் இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் பஞ்சால் தொட்டார், தெரியவே இல்லை.

அடுத்து, அம்மாவை வைத்துக்கொண்டே, "ராத்திரி தண்ணி போட்டீங்களா?" என்றார். போதையில் நாற்காலி மேல் கையைப் போட்டுத் தூங்குபவர்களுக்கு வருவதால் இதற்கு 'சனிக்கிழமை ராத்திரி வாதம்' என்றே பெயராம். அம்மா இன்னும் என்னை முழுசாக நம்பவில்லை.

ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ரேடியல் நரம்பு அக்குளிலிருந்து வந்து, மேல்கை எலும்பின் பின்பக்கமாகச் சுற்றி இறங்குகிறது. எலும்பை ஒட்டியே ஒரு பள்ளம், அதில் நரம்பும் கூடவே ஒரு ரத்தக்குழாயும். சீட் விளிம்பு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், நடுவில் நரம்பு நசுங்கிவிட்டது. முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசைக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் முழங்கை தப்பித்தது. மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பட்டை, தினமும் பிசியோதெரபி. ஏழாவது வாரம் மணிக்கட்டு எழுந்தது, கட்டை விரல் கடைசியில்தான். (எனக்கு நடந்தது இதுதானே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கவாதமா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.)

வேறு யாருக்காவது?

தஞ்சாவூர்க்காரன்:
எனக்கும் அதே நரம்புதான் அண்ணே, ஆனா பைக்ல வழுக்கி விழுந்து. மேல்கை எலும்பு நடுவுல முறிவு, அப்பவே மணிக்கட்டு தொங்கிடுச்சு. ஊர்ல எல்லாரும் "புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் கட்டு போடு"ன்னாங்க, அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். உடனே நரம்பை ஆபரேஷன் பண்ணணும்னு நினைச்சோம். "முறிவோட வர்றதுல பெரும்பாலானது தானா திரும்பும், பொறுங்க"ன்னுட்டாங்க. அறுந்த நரம்பு இழை நாளுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். ஒவ்வொரு தடவை போறப்பவும் டாக்டர் கையில விரலால தட்டிக்கிட்டே வருவார். கரண்ட் அடிக்கிற இடம் வரைக்கும் நரம்பு வளர்ந்திருக்குன்னு அர்த்தம், அது மாசா மாசம் கீழே இறங்கும். பேனாவால புள்ளி வச்சுப்பேன், மறுமாசம் அதுலேர்ந்து ரெண்டு மூணு விரற்கடை தள்ளி ஷாக் அடிக்கும். நாலாம் மாசம் மணிக்கட்டு லேசா எழுந்தப்ப அப்பா வீடியோ எடுத்து மொத்த சொந்தக்காரங்களுக்கும் அனுப்பிட்டார்.

ஃபார்மலின் மூக்கு:
நான் மருத்துவ மாணவி. முதல் வருஷம் சடலத்தில் கையைத்தான் முதலில் அறுத்தோம். புத்தகத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். மேஜையில் எல்லாமே ஒரே பழுப்பு. விரலால் உருட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்: கெட்டிக் கயிறு மாதிரி உருண்டால் நரம்பு, சுவர் தடித்த குழாய் தமனி, தட்டையாக ஒட்டிக் கிடந்தால் சிரை. அக்குளில் திணறியபோது சீனியர் அக்கா சொன்னாங்க: "தசையை ஓட்டை போட்டுட்டுப் போற நரம்பைத் தேடுடி, அங்கேர்ந்து இங்கிலீஷ் எம் எழுத்து கிடைக்கும்." மஸ்குலோக்யூட்டேனியஸ், மீடியன், அல்நார் மூணு நரம்பும் சேர்ந்து தமனிக்கு முன்னால் நிஜமாகவே எம் எழுத்து போட்டிருந்தன. தோலுக்கு அடியில் ஓடும் ஒரு மெல்லிய நரம்பைக் கொழுப்பு என்று நினைத்துச் சீவித் தள்ளியதும் நான்தான்.

வாரம் மூன்று நாள்:
என் கதை ரத்தக்குழாய் கதை. டயாலிசிஸுக்காக இடது முழங்கைக்குப் பக்கத்தில் பிரேக்கியல் தமனியை செஃபாலிக் சிரையோடு இணைத்திருக்கிறார்கள். தொட்டால் சைலண்டில் போட்ட போன் மாதிரி கிர்ர்ர் என்று அதிரும். அதிர்வு இருந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம், நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, டயாலிசிஸ் தவிர வேறெதற்கும் ஊசி குத்தக் கூடாது. போன மாதம் ஒரு லேபில் தம்பி ஒருவர் பேசிக்கொண்டே அதே கையில் ரப்பர் பட்டையைக் கட்டப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அவர் கையைப் பிடித்து என் முழங்கை மேல் வைத்தாள். பாவம், பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். "உள்ளே என்ன சார், மோட்டாரா?"