பேலன்ஸ் காட்டாத பச்சை விளக்கு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:

"இஸிலிங்க் விவகாரமா? அதுதான் 2024லேயே பேசித் தீர்த்தாச்சே" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். (தெரியாதவர்களுக்கு: இஸிலிங்க் என்பது சிங்கப்பூரில் பஸ், ரயில் கட்டணத்துக்குத் தட்டும் கார்டு. அதன் பழைய வகையை நிறுத்தப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்து, மக்கள் எதிர்ப்பு வந்ததும் இருக்கட்டும் என்று விட்டார்கள்.) நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண் போனார். வீட்டு வேலைக்கு வந்தவர். ஊர் நாகப்பட்டினம் பக்கம் என்று பிறகு சொன்னார். கார்டைத் தட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. உள்ளே போனவர் நகராமல் நின்று, என் கார்டைத் தட்டும்போது எட்டிப் பார்த்தார். என்னுடையது பழைய வகை. திரையில் மீதி 18.42 வெள்ளி (டாலர்) என்று வந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு மட்டும் எவ்ளோ இருக்குன்னு காட்டுது. எனக்கு ஒண்ணும் காட்டலையே, கேட்டு ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை, உங்களுடையது புது வகைக் கார்டு, பணம் கார்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது, செயலியில் பார்க்கலாம் என்று நானும் பெரிய மனிதன் மாதிரி விளக்கினேன். செயலி யார் போனில் இருக்கிறது என்று கேட்டேன். மேடம் போனில்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். "பத்து வெள்ளி போட்டிருக்கேன்னு மேடம் சொன்னாங்க. போட்டிருப்பாங்க, நல்லவங்கதான். ஆனா எவ்ளோ இருக்குன்னு அவங்ககிட்டயே கேட்டா, நம்பலைன்னு ஆயிடும்ல அண்ணே?"

நிலையத்து இயந்திரத்தில் வைத்தாலும் பேலன்ஸ் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கோ ரயிலில் உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. இத்தனை நாள் பேலன்ஸ் என்பது கார்டு வைத்திருப்பவருக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள சங்கதி என்று நினைத்திருந்தேன். இரண்டு மனிதர்களுக்கு நடுவில் சாட்சியாகவும் அது நிற்கிறது என்று தோன்றவே இல்லை.

இந்த மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் எழுதுங்கள். "அந்தக் காலத்துல காகித டிக்கெட்டு" பாட்டு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

செம்பவாங் சில்லு:

கட்டணக் கருவிகள் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சேர்ந்து அடிக்க வராதீர்கள்.

2002இல் வந்த இஸிலிங்க் முறையில் பணத்தின் கணக்கு கார்டுக்குள் இருக்கும் சில்லிலேயே எழுதியிருக்கும். தட்டியதும் கருவி அதைப் படிக்கும், கழிக்கும், புதுத் தொகையைத் திரும்ப எழுதும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதால் கண் இமைக்கும் நேரத்தில் மீதியைக் காட்டிவிடும். 2019இல் தொடங்கிய சிம்ப்ளிகோவில் கார்டு வெறும் அடையாளம்தான். பணம் பின்னால் எங்கோ இருக்கும் கணினியில். அங்கே கேட்டு, பதில் வந்து, திரையில் காட்டுவதற்குள் சில விநாடி போய்விடும், காலை எட்டு மணிக் கூட்டத்தில் கதவடியில் ஆள் தேங்கிவிடுவார்கள் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். பொய்க் காரணம் இல்லை அது.

நன்மையும் இருக்கிறது. பழைய கார்டு தொலைந்தால் அதிலுள்ள காசும் தொலைந்தது. புதியது தொலைந்தால் கணக்கை முடக்கி மீதியைக் காப்பாற்றலாம். வீட்டிலிருந்தே பணம் போடலாம். எந்தத் தேதியில் எங்கே ஏறி எங்கே இறங்கினோம் என்று பார்க்கலாம் (மனைவியும் பார்க்கலாம் என்பது வேறு கதை).

சும்மா ஒரு எண்ணைப் பார்ப்பதற்காக 40 மில்லியன் வெள்ளி செலவு செய்து பழைய முறையை 2030 வரையாவது இழுக்க வேண்டுமா என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

சில்லு அண்ணே, 40 மில்லியனை நம் 60 லட்சம் தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு வெள்ளிகூட வராது. ஒரு பிரியாணிப் பொட்டலம் ஆகாது. அதுவும் ஒரே தடவை. 'சும்மா ஒரு எண்' என்கிறீர்களே, உங்கள் வங்கி இனிமேல் "பணம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று பச்சை விளக்கு மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்வீர்களா?

உட்லண்ட்ஸ் அக்கா:

அந்த ஜனவரியை நான் மறக்கவே மாட்டேன்.

9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது. ஜூன் 1 முதல் பெரியவர்களுக்கான பழைய வகை இஸிலிங்க் கார்டும் நெட்ஸ் ஃபிளாஷ்பே கார்டும் பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லாது, சிம்ப்ளிகோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஜூன் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்திருப்பார்களா? நம்ம ஊரில் வரிசை கண்டால் முதலில் நிற்பது, பிறகுதான் எதற்கு என்று கேட்பது. வியாழக்கிழமை வேலை முடிந்து நானும் போய் நின்றேன்.

முக்கால் மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு மலாய் மக்சிக் (வயதான அம்மா), பின்னால் தோளில் குழந்தை தூங்க ஒரு அப்பா. என் முறை வந்தது. கார்டை வைத்தேன். திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, பின்னாலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள், வெட்கத்தில் முடிவதற்கு முன்பே கார்டை எடுத்துத் தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் காலை பஸ்ஸில் தட்டினால் சிவப்பு. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் கையை அசைத்து உள்ளே போகச் சொன்னார். அந்தக் கையசைவுக்காக இன்றும் அவருக்கு நன்றி.

அந்த இரண்டு வாரமும் எங்கள் புளோக் கீழே கோப்பிக்கடையில் இரண்டே பேச்சு. ஒன்று இந்தக் கார்டு. இன்னொன்று, 18ஆம் தேதி ஈஸ்வரன் மேல் 27 குற்றச்சாட்டு பதிவானது. போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் நீதிமன்றத்தில் நிற்கிறார், அவர் இடத்தில் தற்காலிகமாக இருக்கும் சீ ஹொங் டாட் கார்டுப் பஞ்சாயத்தில் நிற்கிறார். தேதாரிக் (ஆற்றிய தேநீர்) கடைக்கார அண்ணன், "அக்கா, இந்த அமைச்சு நாற்காலிக்குத் திருஷ்டி கழிக்கணும்" என்றார்.

22ஆம் தேதி திங்கட்கிழமை, பழைய கார்டும் இருக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். பதின்மூன்றே நாள். அரசாங்கம் பின்வாங்கிவிட்டது என்று சிலர் கேலி செய்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மக்கள் சொன்னதைக் கேட்டு 13 நாளில் மாற்றிக்கொள்வதைக் கேலி செய்தால் அடுத்த தடவை யாரும் கேட்கவே மாட்டார்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அறிவிப்புக்கு முன்னால் நிலையத்தில் அரைமணி நேரம் நின்று, பேலன்ஸ் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணியிருந்தாலே போதுமே. தலையைக் குனிந்து அந்தத் திரையைப் பார்க்காதவர் யார்?

துவாஸ் தம்பி:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டை பக்கம், கப்பல் பட்டறை வேலை, துவாஸ்ல தங்கியிருக்கேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா மன்னிக்கவும்.

ஊருக்குத் திரும்பிப் போன கூட்டாளி ஒருத்தர் அவர் கார்டை எனக்குக் கொடுத்துட்டுப் போனார். புது வகைன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது பழசு. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல வெளிய வரும்போது கேட்டுல காட்டுற எண்ணைப் பார்த்துக்குவேன். அதுதான் அன்னிக்கு என் பட்ஜெட்டு. ஆறு வெள்ளி காட்டுனா திரும்பிப் போகக் காசு இருக்குன்னு கவலையில்லாம சுத்தலாம். ரெண்டுக்குக் கீழ காட்டுனா, சாப்பிடுறதுக்கு முன்னாடி டாப் அப்பு. மனசுல எதையும் வச்சுக்க வேண்டாம்.

புதுக் கார்டோட போன முதல் வாரம். பச்சை எரிஞ்சுது, வெளிய வந்தேன். வீட்டுக்குக் காசு அனுப்பினேன். பையனுக்கு ஒரு சட்டை எடுத்தேன். தேக்கா சந்தையில முருங்கைக்காய், கத்திரிக்காய், அப்புறம் ஒரு மீன் சாப்பாடு. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பினா சிவப்பு விளக்கு. எனக்குப் பின்னாடி நாப்பது பேர் இருப்பாங்க. எல்லார் கையிலயும் பை. கேட்டை விட்டுப் பின்னால வரணும்னா நாப்பது பேரும் விலகணும். "என்னப்பா, காசில்லாமலா வந்தே"ன்னு நம்ம ஆளு ஒருத்தரே கேட்டார். கையில இருந்தது சில்லறை மட்டும். கூட வந்தவன் டாப் அப் பண்ணிக் கொடுத்தான்.

காசு இல்லாதது என் தப்பு. ஆனா காலையில ஒரு எண்ணைப் பார்த்திருந்தா அந்தச் சட்டையை அடுத்த வாரம் எடுத்திருப்பேன்.

சில்லு அண்ணன் சொன்ன மாதிரி போன்ல பார்க்கலாம். பட்டறையில போனை லாக்கர்ல வச்சிடுவோம், டேட்டாவும் மாசக் கடைசியில தீர்ந்துடும். இப்ப நான் மறுபடி பழைய வகைக்கே வந்துட்டேன்.

தேக்கா மருமகள்:

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "வயசானவங்களுக்குத் தொழில்நுட்பம் பிடிபடலை" என்று தொடங்குவார். இங்கே இன்னும் யாரும் தொடங்கவில்லை, முன்கூட்டியே தடுத்துவிடுகிறேன்.

என் மாமியாருக்கு 71 வயது. அவருடைய சலுகைக் கார்டு தட்டினால் இரண்டு தடவை 'பீப்' அடிக்கும், அந்த இரண்டாவது பீப்பைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அதே 2024 ஜனவரியில் வீட்டுக்கு 500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு (கடையில் காசுக்குப் பதில் கொடுக்கும் அரசாங்க உதவி) வந்தது, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிக்கும். எல்லாம் கைப்பேசியில் வந்த ஒரு லிங்க். அதை என் கணவர் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினார், சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியும் வைத்தார்.

தேவையே படவில்லை. வெள்ளிக்கிழமையே ஈரச்சந்தைக்குப் போய்விட்டு வந்தார். வஞ்சிரம் பதினேழு வெள்ளி. திரையில் 10, 5, 2 என்று பற்றுச்சீட்டுகள் வரிசையாக இருக்கும். மூன்றிலும் ஒவ்வொன்றைத் தொட்டு, மீன்காரரிடம் நீட்டி, அவர் ஸ்கேன் செய்ததும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, "இருநூத்து முப்பத்து மூணு இருக்கு" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். ஒரு பைசா பிசகவில்லை. அவருக்குத் தெரியாத தொழில்நுட்பமா இது? மிச்சத்தைக் கண்ணால் காட்டியது, கற்றுக்கொண்டார். காட்டாத எதையும் தொட மாட்டார். எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பொறியாளர்களைவிட அவருக்குத்தான் தெளிவு அதிகம் என்று நான் சொன்னதாக யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேன் ஓட்டி:

காரிலும் இதே கதை. 1998இல் இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) வந்த காலத்திலிருந்து கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் கேஷ்கார்டு, கழிந்ததும் ஒரு 'பீப்', மீதி எண். புதுக் கருவியில் கார்டு சொருகும் பகுதி பக்கத்து இருக்கைக்காரர் காலடிக்குப் போய்விட்டது. திரை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கைப்பேசியில் பார்க்கலாம் என்கிறார்கள். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொட்டால் அபராதம். நான் திரை கேட்டு வாங்கிவிட்டேன்.

செம்பவாங் சில்லு:

துவாஸ் தம்பி, அந்த 'சும்மா ஒரு எண்' என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்றதை வாங்கிக்கொள்ளவில்லை. நான் வேலை பார்த்தபோது எங்கள் கூட்டங்களில் ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கதவைக் கடக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. அந்தக் கணக்கில் நீங்கள் சொன்ன முருங்கைக்காய் வரவே இல்லை. கார்டிலேயே மின்மை (இ-இங்க்) திரை மாதிரி ஏதாவது வைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விலை அதிகமாகும், தெரியும்.

ஈசூன்வாசி:

இன்று காலை அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன், மேடத்தின் மகனைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பேலன்ஸ் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

பார்த்துவிட்டாராம். இயந்திரத்தில் வைத்ததும் பன்னிரண்டு வெள்ளி எழுபது காசு காட்டியதாம். மேடம் பத்துதான் போட்டிருக்கிறார், ஏற்கெனவே கொஞ்சம் மீதி இருந்திருக்கிறது. கார்டு உறைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மளிகை ரசீதின் பின்பக்கம். மேலே பேனாவால் 12.70, அதன் கீழே ஒரு கோடு.

"இனிமே நானே கழிச்சுக்குவேன்ணே. ஒரு தடவைக்கு எவ்ளோ போகும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்று கேட்டுக்கொண்டேன். கட்டணம் பார்த்துச் சொல்ல வேண்டும், யாராவது சரியாகத் தெரிந்தால் போடுங்கள்: ஈசூனிலிருந்து லிட்டில் இந்தியா, ரயில் மட்டும், பெரியவர் கட்டணம்.