பூச்சியைத் தோல் கழற்றவைக்கும் செடிச்சரக்கு: ஒரு சொல் வேண்டும்

மல்லாவியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர உயிரியல் வகுப்புக்கு நாலு பக்கக் குறிப்பு ஒன்று வெள்ளிக்கிழமை போட்டோக்கொப்பிக்குப் போகவேண்டும். பூச்சியின் தோல் கழற்றும் ஓமோனை ஒத்த ஸ்டீரொயிட்டுகள் செடிகளிலும் இருப்பதைப் பற்றியது. 'பைட்டோஎக்டைஸ்டீரொயிட்டு' என்று எழுதினால் வாசித்து முடிக்குமுன் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்.

விஷயம் நல்ல விஷயம். 1954இல் பூட்டெனான்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களை அரைத்து 25 மில்லிகிராம் ஓமோன் எடுத்தார்கள். 1966இல் யப்பானில் நகானிசி குழுவினர் அதே வகைப் பொருளை ஒரு மரத்தின் இலையில் கண்டார்கள். சில பன்னங்களின் கிழங்கில் காய்ந்த எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கிறதாம். நம் வேலியோர நாயுருவியிலும் உண்டு. பழக்கமில்லாத புழு அதைத் தின்றால் நேரம் தப்பித் தோல் கழற்றப் போய்ச் செத்துவிடும். சொல் தாருங்கள்.

வவுனியாவிலிருந்து:

தங்கச்சி, சொல் கைக்குள்ளேயே கிடக்கிறது. கிரேக்கர் 'எக்டைசிஸ்', அதாவது களைதல், என்றதை நாம் உரி என்போம். கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த துணியை 'அரவுரி அன்ன அறுவை', பாம்புரி போன்ற துணி, என்கிறது பொருநராற்றுப்படை. உரிதல் தன்வினை, உரித்தல் பிறவினை. புழுவின் தோல் உரிகிறது. உரியச் செய்வது உரிப்பி. செடியில் இருந்தால் செடியுரிப்பி.

இன்னொன்றும் கவனியுங்கள். நாயுருவி என்ற பெயரிலேயே 'உருவு' நிற்கிறது. உரி, உருவு, உரை, உரோஞ்சு எல்லாம் ஒரு வேர் என்றே நினைக்கிறேன். உருமாற்றத்து 'உரு'வையும் இதோடு சேர்க்கலாம் என்பது என் துணிபு. முன்னோர் ஒன்றும் தெரியாமலா பெயர் வைத்தார்கள்?

கிளிநொச்சியிலிருந்து:

மாஸ்டர், நாயுருவிக் கதிரை இரண்டு விரலுக்குள் பிடித்து உருவினால் விதையெல்லாம் கழன்று கையோடு வரும். பற்றைக்குள் போய்வந்த நாயின் வாலைப் பாருங்கள், அதிலும் ஒட்டியிருக்கும். பெயருக்கு அந்தக் காரணம் போதும், புழுவின் ஓமோனை அதற்குள் ஒளிக்கவேண்டாம். 'செடியுரிப்பி' என்றால் மரவள்ளி சீவுகிற கத்தி என்றுதான் நினைப்பார்கள்.

'போலிப் பூச்சியோமோன்' என்று வைப்போமே? கேட்டவுடன் விளங்கும்.

மல்லாவியிலிருந்து:

அண்ணை, அதுதான் பிழை. செடியில் கூடுதலாகக் காணப்படும் 20-ஐதரொட்சிஎக்டைசோன் பூச்சியின் உடம்பில் வேலை செய்கிற அதே மூலக்கூறு. போலி இல்லை, அசல்.

வவுனியாவிலிருந்து:

இலக்கணத்தில் போலி என்றால் கள்ளச்சரக்கு அல்ல, தம்பி சொன்னது தெரியாமல் சொன்ன உண்மை. பந்தல் பந்தர் ஆனாலும் நிழல் ஒன்றுதான். எழுத்து மாறியும் பொருள் மாறாதது போலி. ஆனால் இங்கே எழுத்தே மாறவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நானே அதை எதிர்க்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:

சரி, போலியை விட்டேன். ஆனால் குறிப்பில் மருந்துப் பக்கத்தை அளவாக எழுதுங்கள். இங்கே ஜிம்முக்குப் போகிற பெடியன் ஒருவன் எக்டைஸ்டெரோன் (அதே 20-ஐதரொட்சிஎக்டைசோன்தான்) மாத்திரைப் போத்தலைக் கொண்டுவந்து, "சேர், இது ஸ்டீரொயிட்டா?" என்று கேட்டான். ஆம் என்றால் பயப்படுகிறான், இல்லை என்றால் பொய். வடிவத்தில் ஸ்டீரொயிட்டுதான், ஆனால் ஆண் ஓமோனின் ஏற்பியில் போய் ஒட்டுவதில்லை. எலிகளில் தசைப்புரதம் கூடியதும் குருதி வெல்லம் குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. மனிதரில் நடந்த சோதனைகள் கொஞ்சம்தான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2020இல் இதைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. அது தடைப் பட்டியல் அல்ல. பெயரில் 'ஸ்டீரொயிட்டு' வராவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன்.

முல்லைத்தீவிலிருந்து:

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் எல்லோரும் தோல், தோல் என்கிறீர்கள். நண்டுக்கும் இறாலுக்கும் இதே ஓமோன்தானே? நந்திக்கடலில் வலையில் வருகிற நண்டு சிலவேளை தொட்டால் அமுங்கும், பழைய கோதைக் கழற்றிவிட்டுப் புதியது இறுகாமல் இருக்கும். விலை போகாது, வீட்டுக் குழம்புக்குத்தான். புறவன்கூட்டைப் பிள்ளைகள் தொட்டு அறிந்தது அந்தக் கோதில்தான். 'கோதுகழற்றி' என்று வையுங்களேன்.

வவுனியாவிலிருந்து:

கோது என்றால் சக்கை, குற்றம். கோதிலாத என்று இறைவனைப் பாடிய மொழியில் ஓமோனுக்குக் கோது சூட்டுவதா? பாம்புச் சட்டை என்று சொல்வதுபோல் 'சட்டைகழற்றி' என்றாலும் பொறுப்பேன்.

முல்லைத்தீவிலிருந்து:

எங்கள் பக்கம் அதைச் செட்டை என்பார்கள் மாஸ்டர். செட்டை என்றால் சிறகும்தான். பூச்சி செட்டை கழற்றியது என்று எழுதினால் பிள்ளை என்ன கீறும்? முட்டைக்கோதிலும் நண்டுக்கோதிலும் குற்றம் எதுவும் இல்லை.

கிளிநொச்சியிலிருந்து:

'உரியூக்கி'?

மல்லாவியிலிருந்து:

ஊக்கியை இரசாயனக்காரர், தாக்கத்தை வேகப்படுத்தும் பொருளுக்கு, எப்போதோ எடுத்துவிட்டார்கள். இன்று வியாழன், கடை ஆறு மணிக்குப் பூட்டும். 'தாவர உரியோமோன்' என்று போட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் எக்டைஸ்டீரொயிட்டு என்று எழுதுகிறேன். செடிக்குள் அது ஓமோன் வேலை செய்கிறதா என்று கிளிநொச்சி அண்ணை கேட்பார் என்று தெரியும். கேட்கவேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து:

கேட்கத்தான் இருந்தேன். சரி, என் வாக்கும் அதற்கே. 'ஓமோன்' உறுத்துகிறது என்று மட்டும் பதிந்துவையுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

நான் சம்மதிக்கவில்லை. அரை நாழியும் உரிதான், தயிர்ச்சட்டி தொங்குகிற உறியும் பக்கத்தில் நிற்கிறது.

மல்லாவியிலிருந்து, இரண்டு கிழமை கழித்து:

சோதனைத்தாள் திருத்தி முடித்தேன். முல்லைத்தீவு அக்கா சொன்னதுபோல நாலைந்து பேர் 'உறியோமோன்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை, குறிப்பில் இல்லாமலே, 'செடிக்குள் இருக்கிற கோது கழட்டும் ஓமோன்' என்று எழுதியிருந்தாள். சரி போட்டேன். மாஸ்டர் கோபிக்கவேண்டாம்.

வவுனியாவிலிருந்து:

கோபமில்லை. கழட்டும் அல்ல, கழற்றும். அரைப் புள்ளி குறையுங்கள்.