வம்சாவளி ஆய்வைத் தொழிலாக எடுக்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். சொந்தக்காரர்களுக்குப் புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவுகளைத் தேடிக் கொடுத்தே பழகிவிட்டது, இதை முறையாகப் படிக்க வழி உண்டா?

கடலூர் வாசகன்:
உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பே இருக்கிறது, இணையவழியில் படிக்கலாம். அமெரிக்காவில் 1964 முதல் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியமும் உண்டு. தாத்தா சொன்னார் என்பதெல்லாம் அங்கே வெறும் துப்புதான், பதிவுகளோடு ஒத்துப்பார்த்து, முரண் இருந்தால் அதைத் தீர்த்து, எழுதிக் காட்ட வேண்டும்.

நெல்லித்தோப்பு அக்கா:
தம்பி, பழைய பிரெஞ்சுக் கையெழுத்து படிக்க வருமா? அதுதான் மூலதனம். பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி இந்துச் சட்டத்தையோ முஸ்லிம் சட்டத்தையோ துறந்து, பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, குடும்பப்பெயர் எடுத்தவர்கள் வீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வரும், பலர் அங்கேதான் சிக்குவார்கள்.

கடலூர் வாசகன்:
அப்புறம் கூலியை மணிக்கணக்கில் பேசுங்கள், பதிவு கிடைத்தால்தான் பணம் தருகிறேன் என்பவரிடம் மாட்டாதீர்கள்.