கொல்கத்தாவில் ஒரு திங்கட்கிழமை: யோசனை சொல்லுங்கள்

கயா போய்விட்டுத் திரும்பும் வழியில் எனக்கும் மனைவிக்கும் கொல்கத்தாவில் ஒரு பகல் கிடைக்கிறது. விடியற்காலையில் ஹவுராவில் இறங்கினால் நள்ளிரவையொட்டித்தான் சென்னை ரயில். போயும் போயும் அது திங்கட்கிழமை. இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவகக் காட்சிக்கூடமும் அன்று விடுமுறை.

சரி, பெட்டிகளை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு ஹவுரா பாலத்தை நடந்தே கடந்து, கீழே மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். அவள் மதுரைக்காரி, சின்ன வயதிலிருந்தே பூக்கட்டுகிறவள். அங்கே செண்டுமல்லியைக் கயிறு கயிறாகக் கோத்துத் தோளில் போட்டு விற்பார்களாமே, அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்கிறாள். அப்புறம் தட்சிணேஸ்வரம், அங்கிருந்து படகில் பேலூர் மடம். சாயங்காலம் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024 முதல் ஓடும் மெட்ரோ. அது என் ஆசை!

மதியம் இரண்டு இடத்திலும் நடை சாத்திவிடுவார்களே, அதற்குள் முடியுமா? இல்லை, பேலூரைச் சாயங்காலத்துக்குத் தள்ளலாமா? அவளுக்கு முழங்கால் வலி, படகுத்துறையில் படிகள் அதிகமா? மீன் வாசனை இல்லாத சைவச் சாப்பாட்டுக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். சமீபத்தில் போய்வந்தவர்கள் பதில் போட்டால் உதவியாக இருக்கும்.